முதல் அத்தியாயத்தில் சாகாத தாய்

வாளும் மந்திரமுமாக நீளும் அந்த வகைக் கதைகளில் நாயகனின் தாய் முதல் அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை. இடியும் மழையுமாக இருக்கும் ஒரு பொழுதில் பிள்ளையைப் பெறுவாள். அதன் கழுத்தில் ஏதோ ஒரு பதக்கத்தைக் கட்டுவாள். வழியில் கண்ட ஒரு விவசாயியிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிவிடுவாள். அவளுக்கென்று ஒதுக்கப்படுவது அரைப் பக்கம். சில ஆசிரியர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதன்பின் ஆறு பாகங்கள் நீண்டாலும் அவளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. இப்படிப்பட்ட தடித்த ஆங்கிலப் புத்தகங்களைக் கல்லூரி நாட்களில் நான் ஏராளமாக வாசித்திருக்கிறேன். ஒருமுறைகூட அது என்னை உறுத்தியதில்லை. தொண்ணூறுகளின் நடுவே ஒரு மாசி மாதப் பிற்பகலில், என் அக்காவின் கட்டிலருகே நின்று அப்படியொரு புத்தகத்தைத் தமிழில் சொல்லத் தொடங்கியபோதுதான் முதல் பக்கத்திலேயே என் நாக்கு நின்றது.

அக்கா அப்போது நான்காம் மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் இரண்டு முறை ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. இந்த மூன்றாவதைக் காப்பாற்றுவதற்காகக் கோவையில் ஒரு டாக்டரம்மா கருப்பை வாயில் தையல் போட்டு, பிரசவம் வரையில் படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் செங்கற்களை வைத்து உயர்த்தியிருந்தார்கள். தலை தாழ்ந்து கால் உயர்ந்து, ஓட்டுக்கூரையைப் பார்த்தபடி அவள் படுத்திருந்தாள். எழுந்து உட்காரக்கூடாது. இருமினால்கூட மெதுவாக இரும வேண்டும்.

வழக்கப்படி பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போக வேண்டும். பவானியில் எங்கள் வீட்டில் அப்பா இருந்தார், அவருடைய ஜமக்காளக் கடை இருந்தது, தாய் இல்லை. அக்காவுக்கு எட்டு வயதானபோது, என்னைப் பெற்ற பிரசவத்தில் அம்மா இறந்துபோனாள். அக்காவின் மாமியாரோ முழங்கால் வலியோடு மூத்த மகன் வீட்டில் பொள்ளாச்சியில் இருந்தார். ஆகவே தாய்வீடு பஸ் ஏறி அக்காவிடம் வந்தது. ஒரு தகரப் பெட்டியும், அப்போதுதான் முடித்திருந்த எம்.ஏ.யும், சமைக்கத் தெரியாத கைகளுமாக வந்து இறங்கிய அந்தத் தாய்வீடு நான்தான்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையை நோக்கிப் போகும் தடத்தில் இருந்தது அந்தத் தோட்டத்து வீடு. முன்னால் தென்னை, பின்னால் வெங்காயக் காடு, அதற்கும் பின்னால் மலை. அக்காவின் கணவர் பகலெல்லாம் தோட்டத்தில் இருப்பார். பொழுது சாய்ந்தால் வெளித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். தோட்டத்து வேலைக்கு வரும் ஒரு பெண் வீட்டு வேலைக்கும் ஒத்தாசையாக இருந்தாள். நான்கு பிள்ளைகளைப் பெற்றவள். அக்காவின் அறை வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாள். உள்ளே வந்து உட்காரும்படி எத்தனை முறை சொன்னாலும், இங்கேதான் காற்று வருகிறது என்பாள்.

அக்கா ஒருபோதும் பயம் என்ற சொல்லைச் சொன்னதில்லை. ஆனால் போர்வைக்கு வெளியே தெரிந்த அவளுடைய வலதுகால் கட்டைவிரல் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். பேசும்போதும், பேசாதபோதும், தூக்கத்திலும்கூட. நான் அதைப் பார்த்தபடி சன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருப்பேன். அசையக்கூடாதவள் ஒருத்தியும் உட்கார முடியாதவள் ஒருத்தியுமாக நாங்கள் அந்த அறையில் இருந்தோம்.

முதல் வாரம் வாரப் பத்திரிகைகளை வாசித்துக் காட்டினேன். அது தவறாகப் போயிற்று. அந்தத் தொடர்கதைகளில் எப்படியும் ஒருத்தி மாடிப்படியில் வழுக்கி விழுவாள். எதற்காக விழுகிறாள் என்பது எங்கள் மூவருக்கும் விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும். டி.வி. முன்னறையில் இருந்தது, கட்டிலிலிருந்து ஓசை மட்டுமே கேட்கும். கர்ப்பத்துக்கும் கட்டிலுக்கும் வெகுதூரம் தள்ளி நடக்கிற கதை ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பனிமலை, குதிரை, வாள், காணாமற்போன ராஜ்யம்.

உக்கடத்தில் பழைய புத்தகம் விற்ற பாய் ஒருவர் கல்லூரி நாளிலிருந்தே எனக்குப் பழக்கம். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கிளப்பைக் காலி செய்தபோது வந்த மூட்டைகளில் அவ்வகைப் புத்தகங்கள் அவரிடம் நிறையச் சேர்ந்திருந்தன. அவர் ஆங்கிலம் வாசிக்கமாட்டார். ஆனால் வாங்கிப்போய்த் திருப்பிக் கொண்டுவரும் மாணவர்கள் கதையைச் சொல்லாமல் போகமாட்டார்கள். பத்தாண்டுகளாகக் கேட்டுக் கேட்டு, அட்டைப் படத்தைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடும் தேர்ச்சி அவருக்கு வந்திருந்தது.

"தாடிக்காரர் முன்னால நின்னா மூணாவது புக்குல போயிருவாருங்க. பின்னால பொகையாட்டம் நின்னா கடைசி வரைக்கும் இருப்பாரு" என்பார். குட்டையானவன் சிரித்துக்கொண்டிருந்தால் அவன் திருடன், ஆனால் நல்லவன். பெண் ஒருத்தி கவசம் போட்டிருந்தால் அவள் கல்யாணத்துக்குப் பயந்து ஓடிவந்த இளவரசி.

அவர் எனக்குத் தேர்ந்து கொடுத்தது ஆறு பாகங்கள் கொண்ட ஒரு வரிசை. கையில் இருந்தவை ஐந்து. ஆறாவது வருவதற்குள் கிளப்பை மூடிவிட்டார்களாம். கிடைத்தால் எடுத்து வைக்கிறேன் என்றார். முதலிரண்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் தாளில் வரைபடம் இருந்தது. அக்கா அதைப் படுத்தபடியே தலைக்கு மேல் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். நாயகனின் ஊர் ஏன் இந்த மூலையில் இருக்கிறது, தீயவனின் கோட்டை ஏன் அந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டாள். நடுவில் உள்ள எல்லா ஊருக்கும் நாம் போக வேண்டும் அல்லவா, அதனால்தான் என்றேன். பாழடைந்த கோபுரம் ஒன்று வரையப்பட்டிருந்தால் அங்கே ஓர் இரவு தங்குவார்கள் என்பதையும், யாரும் போகக்கூடாத காடு என்று எழுதியிருந்தால் அதன் வழியாகத்தான் போவார்கள் என்பதையும் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்த வீட்டுக்கு நான் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

பிறகு பக்கத்தைப் புரட்டினேன். இடி, மழை, பிரசவ வலியில் ஒரு பெண். நான் வாக்கியத்தின் முடிவை முன்கூட்டியே பார்த்துவிட்டேன். அக்காவின் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்தது. வெங்காயம் உரிக்கும் ஓசை நின்றிருந்தது. "பெற்றுப் பிழைத்தாள்" என்றேன்.

எழுத்தில் இல்லாத இரண்டே சொற்கள். அவை செய்த வேலையை அப்போது நான் உணரவில்லை.

மறுநாள் நாயகனுக்குப் பதினாறு வயதாகிவிட்டது. வழிகாட்டும் கிழவர் கோலூன்றி வந்து கதவைத் தட்டுகிறார். புத்தகத்தில் வளர்ப்புத் தந்தை தலையாட்ட, பையன் அன்றே மூட்டை கட்டிவிடுகிறான். என் கதையிலோ கதவைத் திறந்தவள் தாய். கதவைத் தாய் திறந்தால் என்ன நடக்கும்? உள்ளே வந்து தண்ணீர் குடியுங்கள் என்பாள். எந்த ஊர், யார் வீடு என்று விசாரிப்பாள். என் பையனை எங்கே கூட்டிப்போகிறீர்கள், எதற்கு, எப்போது திருப்பி அனுப்புவீர்கள் என்று கேட்பாள். உலகத்து வழிகாட்டிக் கிழவர்கள் ஒருவரிடமும் இந்தக் கேள்விகளுக்கு விடையில்லை. மூன்று நாள் அந்தக் கிழவர் அவள் வாசலில் சாப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பையன் புறப்பட்டபாடில்லை. நான்காம் நாள் வேறு வழி தெரியாமல் தாயையும் உடன் புறப்படச் செய்தேன்.

இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரியது. அவன் காணாமற்போன அரசனின் மகன் என்பது நான்காம் பாகத்தில்தான் வெளிப்பட வேண்டும். தாய் உயிரோடு இருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாளே? ஒரு சத்தியத்தைக் கண்டுபிடித்தேன். சொல்லமாட்டேன் என்று யாருக்கோ வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்றேன். அக்கா அதை நம்பவில்லை.

"பதினாறு வருஷமா ஒரு பையன ஒளிச்சு வெச்சாங்களாக்கும்? இங்க ஒறம்பரை விருந்தாளின்னு ஒருத்தன் வந்து தண்ணி குடிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் எந்தக் குலம், எந்தக் கூட்டம், மாமன் ஆரு, எத்தனை காடுன்னு கண்டுபுடிச்சிருவாங்க" என்றாள்.

வாசற்படிக்கு வெளியே இருந்தவளுக்கு வேறொரு கேள்வி இருந்தது. வெங்காயத்தை முறத்தில் போட்டபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்தப் பையன் நெசமாவே காட்டு வேலைக்காரன் மகனாவே இருந்தா என்னங்கம்மணி? ஏரு ஓட்டற கை புடிச்சா வாளு வெட்டாதுங்களா? ராசா ரத்தம் இருந்தாத்தான் வெட்டுமாட்ட இருக்குது."

ஒரு தாயைப் பிழைக்கவைத்த துணிச்சல் எனக்கு இருந்தது. ஒரு வேலைக்காரன் மகனை வேலைக்காரன் மகனாகவே அரியணைவரை கொண்டுபோகும் துணிச்சல் அன்று இருக்கவில்லை. அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பங்குனியில் ஐந்தாம் மாதம் வந்தது. முந்தைய இரண்டும் நின்றுபோன மாதம். அந்த நாட்களில் நான் கதையை நிறுத்தவே இல்லை. அக்காவின் கண்கள் கூரைக்குப் போகும்போதெல்லாம் எங்கேயாவது ஓர் ஓநாயைக் குதிக்கவைத்தேன். ஒருநாள் மாலை பக்கத்துத் தோட்டத்து வாழைக்குள் யானைகள் இறங்கிவிட்டன. ஆட்கள் கூச்சலிட்டார்கள், வெடி வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் அக்காவின் உடம்பு இறுகுவதைப் பார்த்து, என் குரலை உயர்த்தி, மலைக்குகையில் தங்கக் குவியலின் மேல் படுத்திருக்கும் டிராகன் என்ற பறவைநாகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். அக்கா பல்லைக் கடித்தபடி, தங்கத்தை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும் என்று கேட்டாள். சும்மா அதன் மேல் படுத்திருக்கும் என்றேன். அப்படியானால் யானைக்குத்தான் புத்தி அதிகம், தின்னக்கூடியதாகப் பார்த்துத்தான் வருகிறது என்றாள். ஐந்தாம் மாதம் கடந்தது.

மூன்றாம் பாகத்தின் முடிவில் வாள்வீரன் பள்ளத்தாக்கில் விழுந்தான். ஒவ்வொரு பாகமும் இப்படி யாரையாவது தள்ளிவிட்டுத்தான் முடியும். நான் அன்றைக்குப் போதும் என்று புத்தகத்தை மூடினேன். முறத்தோடு எழுந்தவள் மீண்டும் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் உடுக்கையடித்துக் கதை பாடுவார்கள். வீரன் இறந்த இடத்தைப் பாடும்போது கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுவதுண்டு. அவரைத் தண்ணீர் தெளித்து, பாடி எழுப்பிய பிறகுதான் சனம் கலையும். விழுந்தவனை விழுந்தபடி விட்டுவிட்டு யாரும் வீடு போகமாட்டார்கள்.

"படுத்தவன எழுப்பாம எந்திரிச்சுப் போகப்படாதுங்க. அதுலயும் புள்ளத்தாச்சி ஊட்டுல" என்றாள்.

நான் அந்தக் கதைகளின் விதி ஒன்றை அவளுக்குச் சொன்னேன்: உடல் கண்ணில் படாதவரை எவரும் சாகவில்லை. அடுத்த பாகத்தில் கட்டுப்போட்ட கையோடு வந்துவிடுவான். அவளுக்கு அது போதவில்லை. அன்றே, அப்போதே, பள்ளத்தாக்கில் அவன் கண்ணைத் திறந்ததாகச் சொல்லவைத்த பிறகுதான் எழுந்தாள். அதுமுதல் ஒவ்வொரு நாளும் கதையை நிறுத்தும் முன் படுத்திருப்பவர்கள் எல்லாரையும் எழுப்பிவிட வேண்டும் என்பது அந்த வீட்டின் வழக்கமாயிற்று. மரபுகளை மதிக்கும் ஆசிரியர் எவருக்கும் இது பெரும் இடைஞ்சல்.

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்தது. பகல் முழுவதும் தென்னை மட்டைகள் அடித்துக்கொள்ளும். கதவு, சன்னல், கொடியில் காயும் துணி எதுவும் ஓரிடத்தில் நிற்காது. அக்காவுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை டாக்டரம்மாவின் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று சொல்லிப்போவார்.

ஐந்தாம் பாகத்தை வாங்க ஒருநாள் உக்கடம் போனேன். ஆறாவது வரவில்லை என்றார் பாய். தாய் உயிரோடு இருக்கும் கதை ஏதாவது உண்டா என்று அவரிடம் கேட்டேன். அடுக்குகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மா இருந்தா பையன் எதுக்குங்க வெளிய போறான்? சோறு அங்கயே இருக்குதுல்லங்க" என்றார்.

திரும்பி வந்தபோது முதல் பாகம் அலமாரியில் தலைகீழாக இருந்தது. எடுத்துப் பிரித்தால் நடுவில் ஒரு வெங்காயச் சருகு. வேலைக்கு வருபவள் வரைபடம் பார்த்திருப்பாள் என்று நினைத்து, சருகை ஊதிவிட்டு மூடிவைத்தேன்.

அன்றுமுதல் அக்காவின் கேள்விகள் மாறின. போர் என்ன ஆயிற்று, திருடன் தப்பினானா என்பதெல்லாம் போய், நான் வாயைத் திறந்ததும் அவன் தாய் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டாள். நான் ஒவ்வொரு நாளும் அவளுக்கு வேலை கண்டுபிடித்துக் கொடுத்தேன். படைக்குச் சமைத்தாள். குதிரைக்கு லாடம் அடிப்பவனோடு சண்டை போட்டாள். வழிகாட்டிக் கிழவரின் இருமலுக்குச் சுக்குத் தட்டிக் கொடுத்தாள். புத்தகத்தில் இல்லாத அவளுக்காகப் புத்தகத்தில் உள்ளவர்களை ஒவ்வொருவராக நகர்த்தி இடம் பண்ண வேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு பிற்பகலில், காற்றின் இரைச்சலுக்கு நடுவே, அக்கா கூரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவ மொதப் பக்கத்துலயே செத்துப்போறா. நான் படிச்சுட்டேன்."

நான் நடப்பதை நிறுத்தினேன். நான் உக்கடம் போயிருந்த அன்று, புத்தகத்தையும் என் அகராதியையும் எடுத்துத்தரும்படி வேலைக்கு வருபவளிடம் சொன்னாளாம். எந்நாளும் வாசற்படி தாண்டாதவள் அன்று உள்ளே வந்து, புத்தகத்தை அவள் முகத்துக்கு மேலே பகல் முழுவதும் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். நான்கு பக்கம் படிக்க ஒரு பகல் ஆயிற்று.

"எனக்கோசரம் மாத்துனியா, இல்ல உனக்கோசரமா?"

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அது முழு உண்மையில்லை. சிறுவயதில் பவானியில் தாயைத் தின்று பிறந்தவள் என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னைப் பெற்று அம்மா இறந்தாள் என்பது எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம். அப்பா அதை ஒரே ஒருமுறை சொன்னார். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

"நம்ம அம்மா பெத்த ஒடனே சாகலை, கண்ணு" என்றாள் அக்கா. "மூணு நாள் இருந்தா. காய்ச்சல் வந்துதான் போனா. உன்ன மடில வெச்சுக்கிட்டு, மூக்கு அப்பனாட்டம் போச்சேன்னு ஒரே சலிப்பு. அந்த ஆடிக்கு அந்தியூர்ச் சந்தைக்குப் போகோணும்னு இருந்தா. வருஷா வருஷம் குதிரை பாக்கோணும் அவளுக்கு. வாங்கறதுக்கில்ல, சும்மா பாக்கத்தான். இந்தப் புள்ளையால குதிரை பாக்க முடியாமப் போச்சுன்னு உன்னத்தான் வஞ்சா."

அந்த அறையில் முதன்முறையாகத் தரையில் உட்கார்ந்தேன்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கவே இல்லியே" என்றாள்.

பிறகு கதையை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். புத்தகத்தில் உள்ளபடியே மீண்டும் சொல்லவா?

"வேண்டாம். அவளக் கடைசி வரைக்கும் கூட்டிட்டுப் போ. இத்தனை தூரம் நடக்கவெச்சுப் போட்டு நடுவழில சாகடிச்சீன்னா நான் எந்திரிச்சு உக்காந்துக்குவேன், பாத்துக்க."

அவள் என்னிடம் எதைக் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் பாகத்தை முடித்தபோது ஆடி பிறந்திருந்தது. இனிமேல் என் கையில் புத்தகம் இல்லை. அந்த வகைக் கதைகளின் விதிகள் மட்டுமே இருந்தன. அவை அத்தனையும் எனக்கு எதிராக இருந்தன. கடைசிப் பாகத்தில், வெற்றிக்கு முந்தைய அத்தியாயத்தில், எல்லாருக்கும் பிடித்த ஒருவர் இறந்தாக வேண்டும். வழிகாட்டியாக இருந்தால் நடுவிலேயே போயிருப்பார். திருடனுக்கு நகைச்சுவை இருப்பதால் பிழைத்துக்கொள்வான். நாயகன் சாகமுடியாது. படைக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டு, எவருக்கும் தீங்கு நினையாமல், முதல் அத்தியாயத்தில் சாகத் தவறிய ஒரு தாயைத் தவிர வேறு யார் மிச்சம்? நான் எந்தப் பக்கம் கதையைத் திருப்பினாலும் அம்பு அவளைப் பார்த்தே வந்தது. குளிக்கும்போதும், பால் காய்ச்சும்போதும் அவளை எங்கே ஒளித்துவைப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு முறை பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கதையை நாளுக்கு நாள் மெதுவாக்கினேன். கோட்டை வாசலில் படையைப் பதினைந்து நாள் நிறுத்தினேன்.

தையலைப் பிரிக்க இன்னும் ஐந்து நாள் இருந்தபோது, ஒரு காலைப்பொழுதில் அவளுக்கு வலி கண்டது.

பக்கத்துத் தோட்டத்து அம்பாசடர் வந்தது. பின்சீட்டில் அவள் தலை என் மடியில். வேலைக்கு வருபவள் மறுகோடியில் ஒடுங்கி உட்கார்ந்து, அவளுடைய கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அக்காவின் கணவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளம் வரும்போதெல்லாம், பார்த்துங்க, பார்த்துங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"கதைய முடி" என்றாள்.

இப்போதா என்றேன்.

"படுத்தவங்கள எழுப்பாமப் போகப்படாதுன்னு சொன்னாளல்ல? முடிக்காம நான் உள்ள போகமாட்டேன்."

சொன்னேன். பதினைந்து நாளாக நின்ற போர் வடவள்ளி வருவதற்குள் முடிந்துவிட்டது. தீயவனின் கோட்டை இடிந்தது. எல்லாத் தீயவர்களையும்போல அவனும் ஒரு சிறிய பொருளை எங்கோ வைத்துவிட்டு மறந்ததால்தான் தோற்றான். கவசம் போட்ட இளவரசி அரியணையில் உட்கார்ந்தாள். நாயகன் எனக்கு அது வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்று புறப்பட்டான். படை கோட்டையை நெருங்கியதுமே, இனி நீ பார்த்துக்கொள் என்று சொல்லித் தாய் ஊர் திரும்பியிருந்தாள் என்பதை அவசரமாக இடையில் செருகினேன். அவன் வந்து வீட்டின் முன்னால் நிற்கிறான். கதவு சாத்தியிருக்கிறது.

"அம்மா எங்க?" என்றாள் அக்கா.

"ஊட்டுல இல்ல."

நகம் என் தோலில் இறங்கியது. வலி வந்து, நின்று, போகும்வரை அவள் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். பின் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க போனா?"

நான் வாசித்த புத்தகங்கள் எல்லாம் ஒரே குரலில் ஒரு விடையைச் சொல்லிக்கொண்டிருந்தன. வண்டிக்கு வெளியே காற்றில் மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை பாக்கப் போயிருக்கா" என்றேன்.

பிறகு முன்சீட்டிலிருந்து, திரும்பிப் பாராமல், அக்காவின் கணவர் பேசினார். இத்தனை மாதம் தாழ்வாரத்தில் ரேடியோவைத் திருகிக்கொண்டு அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

"ஆடிதான? இப்பச் சரியா சந்தை கூடியிருக்கும்" என்றார்.

"அவன் பசியோட வந்திருப்பானுங்களே" என்றாள் கால்மாட்டில் இருந்தவள்.

"அடுப்பு மேல சோறு இருக்குது. போட்டுத் திங்கட்டும்" என்றாள் அக்கா, அடுத்த வலி வருவதற்குள்.

அன்று பகல் முழுவதும் நான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்தேன். முதலில் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள், பெண், சிறியது, ஆனால் அழுதது. அக்காவுக்கு நிறைய இரத்தம் போயிருந்தது. இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். பிறகு ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்கு வருபவள் தரையில் உட்கார்ந்து, என் கால்கள் போகவும் வரவும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை மட்டும், கதையை முடித்துவிட்டுத்தானே உள்ளே போனார்கள், அம்மணி, என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் என்னை உள்ளே விட்டார்கள். அக்கா கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் நிறமே இல்லை. நான் கால்மாட்டில் நின்றேன். இந்தக் கட்டிலுக்குக் கீழே செங்கல் இல்லை. போர்வைக்கு வெளியே அவளுடைய வலதுகால் தெரிந்தது. கட்டைவிரல் அசையவில்லை. ஐந்து மாதமாக ஒரு கணம்கூட அது அப்படி நின்று நான் பார்த்ததில்லை. குனிந்து அதைத் தொட்டேன்.

"கூசுது, உடு" என்றாள் அக்கா.